ஏழாம் பகுதி

முள்ளம்பன்றியை இழுக்கும் நூல்
இப்போது நன்றாகத் தெரிகிறது.
இன்ஸ்பெக்டர் ப்ரோகெஷின் மழைக்கோட்டு மஞ்சள்.
எங்கள் பெட்டியில் அது சாம்பல்.
அன்று எல்லாமே சாம்பல்தான்,
ஜன்னலுக்கு வெளியே ஒஸ்த்ராவாவும்.

தெருவிளக்குகளைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறவர் அவர்.
இரவில் நடப்பதெல்லாம் விளக்குக்குத் தெரியும்,
கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும் என்பார்.
கம்பத்தில் காதை வைப்பார்.
இரண்டு முறை சிமிட்டினால் ஆமாம்.
ஒரு முறை என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள்.
இல்லை என்று சொல்ல விளக்குக்கு வழியே கிடையாது.
இதை நாற்பத்தாறு வயதில்தான் கவனிக்கிறேன்.

ஏழாம் பகுதியில் ஊரில் நிழல்கள் காணாமல் போகின்றன.
முதலில் மணிக்கூண்டுடையது,
பிறகு ரொட்டிக்கடைக்காரியுடையது,
பிறகு ஒரு குதிரையுடையது. குதிரை அழுகிறது.
குதிரைக்குள் இரண்டு பேர்,
பின்னங்கால்காரர் கொஞ்சம் தடுமாறுகிறார்.

எட்டாவது மாடி. சனிக்கிழமை. பிப்ரவரி.
அப்பாவுக்கு உருக்காலையில் இரவு ஷிஃப்ட்.
அம்மா அடுத்த வீட்டில் யாருக்கோ முடி சுருட்டிவிடப் போயிருந்தாள்.
துடைப்பக் கட்டையில் கட்டிய ஆண்டெனா பால்கனியில்;
யாராவது பிடித்துக்கொண்டால்தான் படம் நிற்கும்.
முறை வைத்திருந்தோம். அன்று என் முறை.
கையுறை ஒன்றுதான், அதுவும் ராதிமுடையது.

கொஞ்சம் இடது பக்கம், என்று கத்துவான்.
ஐயோ, அவ்வளவு இல்லை.
தூரத்தில் கசடு கொட்டும்போது
மொத்த வானமும் சிவந்து அணையும்.
அந்த ஒரு கணம் என் நிழல் சுவரில் விழும்.
சரிபார்த்துக்கொள்வேன், இன்னும் இருக்கிறது.

உள்ளே வந்ததும் முடிவைச் சொன்னான்:
திருடியது டிராம் கண்டக்டர்.
அவர் மகள் நிழலில்லாமல் பிறந்தவள்.
கொண்டுவந்த எதுவும் அவளுக்குப் பொருந்தவில்லை,
ஒன்று ரொம்ப நீளம், ஒன்றுக்கு நான்கு கால்.
ப்ரோகெஷ் நோட்டை மூடினார்.
தன் மழைக்கோட்டின் நிழலைக் கத்தரித்து
அவளுக்குக் கொடுத்துவிட்டு நடந்துபோனார்.

இதைத்தான் முப்பத்தொன்பது வருடமாகச் சொல்லிவருகிறேன்.
என் மகனுக்கு. பல் பிடுங்கும் நாற்காலியில்
என் விரலைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு.
விவாகரத்து நடந்த வாரம், எனக்கே.

திரையில் இப்போது கைவிலங்கு.
கண்டக்டரே இல்லை இந்தக் கதையில்.
டிராமே இல்லை.
திருடன் ஒரு பொம்மைக்கடை முதலாளி. பேராசை. மீசை.
மூட்டையை அவிழ்த்ததும் நிழல்கள்
வரிசையாக வீடு திரும்புகின்றன.
ப்ரோகெஷ் ஒரு சாசேஜ் சாப்பிடுகிறார். முடிந்தது.

திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.
மறுபடியும் மீசை.

ஆகவே விசாரணை.
கடைசிப் பத்து நிமிடம் அவன் கத்தவில்லை.
படம் தெளிவாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.
விரல் மரத்துப்போய், கம்பியை விட்டுவிட்டு,
இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றேன்;
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
அப்போதும் அவன் கத்தவில்லை.
நான் கதவைத் திறந்தபோது பெட்டி அணைந்திருந்தது.
என் கைகளை இழுத்து அதன் சூட்டின்மேல் வைத்தான்.
வைத்துவிட்டுத்தான் கண்டக்டர் என்று ஆரம்பித்தான்.

ராதிம் இப்போது பில்ஸெனில் ரொட்டி வண்டி ஓட்டுகிறான்,
மூன்று மணிக்கே எழுந்துவிடுவான்.
மூன்றேகாலுக்கு அழைத்தேன்.
யாரு செத்தா, என்றான்.
யாருமில்லை.
என்ஜின் சத்தம். தட்டுகள் ஆடும் சத்தம்.
மீசையைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.
போனைக் காதோடு அழுத்திக்கொண்டு
ஒன்றே ஒன்று கேட்டேன்:
அந்தக் கண்டக்டரோட மகள், அவ பேரென்ன?

ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.
ப்ளஜேனா, என்றான். ஏன்,
மறந்துட்டியா?